ஆறு மணிக்குப் பிறகு திருகோணமலை

2025 ஜூலை 9, புதன் இரவு

போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வியாழக்கிழமையில் விழுந்தால் கொழும்பில் பாதிப்பேர் வெள்ளிக்கும் ஒரு லீவு போட்டுவிடுவார்கள். இரவு ரயிலில் இடமே இல்லை. கடைசியில் புறக்கோட்டைக்குப் போய் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினோம், நானும் மச்சாளும்.

மச்சாள் ஸ்காபரோவில் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது திருகோணமலை. 1986இல் கனடாவுக்குப் போனவர், இடையில் கலியாணம், செத்தவீடு என்று கொழும்புக்கு வந்து போயிருக்கிறாரே தவிர ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இம்முறை அவரே கேட்டார். நானும் வருகிறேன் என்றேன்.

புறப்படும்போது வீட்டில் ஆளுக்கொரு எச்சரிக்கை. சித்தி நகைகளைக் கழற்றி வைக்கச் சொன்னார். தம்பி, பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவனைச் சுட்டுக் கொன்ற கதையைத் தொடங்கினான். அது கொழும்பில் நடந்தது, நாங்கள் கொழும்பை விட்டுத்தானே போகிறோம் என்றேன். இரண்டு பொம்பிளையள் தனியா என்று மாமி இழுத்தார். நாங்கள் ஏறப்போகும் பஸ்ஸைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த பஸ்தான் என்னைப் பயமுறுத்தியது. குருநாகல் தாண்டியதும் டிரைவர் வாகனத்தை விட்ட வேகத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இருக்கையில் பெல்ட் இல்லை. இந்த மே மாதம்தான் கொத்மலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இலங்கை வீதிகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். கொலையில் சாகிறவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை செய்கிறவள். இந்தக் கணக்கெல்லாம் கேட்காமலே ஞாபகத்துக்கு வந்துவிடும். மச்சாள் பக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். பிளேன்டீ 60 ரூபா, முட்டை ரோல்ஸ் 150, ரோல்ஸில் முட்டையைத் தேட வேண்டியிருந்தது. கந்தளாய்க்கு முன்னால் நடு ரோட்டில் ஒரு யானை. அதுவரை பறந்து வந்த டிரைவர் லைட்டைக் குறைத்து, எஞ்சினை நிறுத்தாமல், ஒரு சொல் பேசாமல் காத்திருந்தார். யானை தன் பாட்டுக்கு இறங்கிப் போனதும் மறுபடி அதே வேகம். அந்த மரியாதையில் கொஞ்சம் எதிரே வரும் லொறிகளுக்கும் காட்டலாம்.

ஜூலை 10, வியாழன் (போயா)

விடியும் முன்பே வந்து சேர்ந்துவிட்டோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலைந்து மான்கள் குப்பைக்கு நடுவே படுத்திருந்தன. இந்த ஊரில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். மச்சாள் அவற்றைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வீதிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நின்ற சிப்பாயைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அறை உப்புவெளியில். வழக்கமாக 8,500 ரூபா, விடுமுறை என்பதால் 11,000. வீட்டுக்கார அன்ரிக்கு அறுபது வயது இருக்கும். பையை இறக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "இங்க ஒரு பயமும் இல்ல பிள்ளையள். எந்த நேரமும் போகலாம், வரலாம்." பிறகு சாவிக்கொத்தைத் தந்தார். வெளிக் கேற்றுக்கு ஒன்று, உள் கேற்றுக்கு ஒன்று, விறாந்தைக் கம்பிக் கதவுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று. பயம் இல்லையென்றால் இவ்வளவு பூட்டு ஏன் என்று மச்சாள் கேட்டார். "பூட்டுறதாலதானே பயம் இல்ல" என்றார் அன்ரி.

பகல் முழுக்கக் கச்சான் காற்று. மேற்கே இருந்து அடுப்புச் சூட்டோடு வந்து, கொடியில் போட்ட துவாயை அரை மணி நேரத்தில் அப்பளமாக்கிவிடுகிறது. வெளியே போக முடியவில்லை. மதியச் சாப்பாடு அன்ரி கையால்: புழுங்கலரிசிச் சோறு, சூடை மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் புளிப்பாக ஒரு ரசம். ஆளுக்கு 650. மச்சாள் சூடை மீனை முள்ளோடு மென்று தின்றதைப் பார்த்து அன்ரி "ஊர்ப் பிள்ளைதான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

பின்னேரம் கோணேசர் கோயில். கோயிலுக்குப் போக வேண்டுமானால் பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும். 1622இல் போர்த்துக்கேயர் மலைமேல் இருந்த கோயிலை இடித்து, பிறகு அந்தக் கற்களையும் சேர்த்துக் கட்டிய கோட்டை. பெயர் வைத்தது ஆங்கிலேயர். உள்ளே இன்னும் இராணுவ முகாம் இருக்கிறது. வாசலில் நின்ற சிப்பாய்க்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். எங்கே இருந்து வருகிறீர்கள் என்று சிங்களத்தில், சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் பதில் சொன்னேன். மச்சாள் என் மேற்கையைப் பிடித்த பிடியில் இரவு பார்த்தபோது நகம் பதிந்த தடம் இருந்தது. அவருடைய அண்ணனைச் சுற்றிவளைப்பில் லொறியில் ஏற்றிக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்தவர் அவர். அண்ணன் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். திரும்பி வந்தபடியால் அது எந்தக் கணக்கிலும் இல்லை.

மலையேறும் வழியில் குருநாகலில் இருந்து வந்த ஒரு குடும்பம் மானுக்கு வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாய் என்னோடு பேச்சுக் கொடுத்தார். பிள்ளைகளோடு வருவதற்கு நல்ல இடம், ஆமி இருக்கிறபடியால் பயமில்லை என்றார். பொய் சொல்லவில்லை, மனதில் பட்டதைத்தான் சொன்னார். எனக்கு இடப்பக்கம் மச்சாள், வலப்பக்கம் அந்தத் தாய், முன்னால் அதே துப்பாக்கி. ஊரின் பாதுகாப்பு பத்துக்கு எத்தனை என்று கேட்டால் இவர்கள் இருவரும் என்ன எண் சொல்வார்கள் என்று யோசித்தேன். வெளிநாட்டுக்காரர் பலர் பயணத்துக்கு முன் புரட்டிப் பார்க்கும் நகரப் பாதுகாப்புச் சுட்டெண்கள் சில இப்படித்தான் வருகின்றன. அவை பொலிஸ் பதிவு அல்ல. ஆட்கள் இணையத்தில் நிரப்பிய கேள்விகளின் சராசரி. யார் நிரப்பினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோயிலில் நல்ல கூட்டம். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்றால் காற்று ஆளைத் தள்ளியது. மச்சாள் ஆறு மணிப் பூசை முடியும்வரை ஒரு தூணோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் தொந்தரவு செய்யவில்லை.

இரவு. மச்சாளுக்குக் கடற்கரையில் நடக்க வேண்டும். டச்பே பக்கம் போனோம். பூரண நிலவு, போயா என்பதால் சாராயக் கடைகள் பூட்டு, குடும்பம் குடும்பமாகச் சனம். மூன்று இனத்துச் சனமும்தான். வெள்ளை உடுப்போடு விகாரைக்குப் போய் வந்தவர்கள், பர்தா போட்ட தாய்மார், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளும் தமிழ்ப் பெடியன். மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி 100 ரூபா, கச்சான் (நிலக்கடலை) சுருள் 100. எட்டு மணிக்குக்கூடச் சின்னப் பிள்ளைகள் மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊர் எப்படி என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல வழி தெரியாது: இருட்டிய பிறகு யார் யார் வெளியே இருக்கிறார்கள் என்று பார்ப்பது.

காந்தி சிலையடிக்கு வந்தபோது மச்சாள் கேட்டார். "இங்கதானே?"

இங்கேதான். 2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை, இதே கடற்கரையில் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதலில், அவர்களிடம் இருந்த கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிக் காயங்கள் தெரிந்தன. விசேட அதிரடிப் படையினர் 12 பேரும் ஒரு பொலிஸ் அதிகாரியும் என 13 பேர் மீது வழக்கு. சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். குற்றப் புள்ளிவிபரத்தில் இது எப்படி நிற்கும்? அந்த வருடத்துக் கொலைகளில் ஐந்து. அடுத்த வருடம் புதுப் பட்டியல், ஐந்து அதில் இருக்காது. இங்கே பிள்ளை வளர்த்த தாய்மாருக்கு ஜனவரி முதலாம் தேதி பழைய பட்டியல் முடிந்துவிடுவதில்லை.

கச்சான் விற்றவரிடம் மச்சாள் அதைப் பற்றிக் கேட்டேவிட்டார். எனக்கு வேண்டாம் என்று இருந்தது. அவர் சுருள் மடிக்கும் கையை நிறுத்தவில்லை. "அது அந்தக் காலம் தங்கச்சி. இப்ப பாருங்க எவ்வளவு சனம்." பிறகு, கேட்காமலே, "என்ர மகன ஒம்பதுக்கு மேல இங்க நிக்க விடுறேல்ல" என்றார்.

ஒன்பதுக்குத் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் போய்விட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அதே நிலவு, அதே விளக்கு. ஆண்கள் மட்டும், மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்தபடி. அவர்கள் எங்களை ஒன்றும் செய்யவில்லை, சொல்லவுமில்லை. ஆனாலும் நாங்கள் நடையைக் கூட்டினோம். ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் தானாகவே நிறுத்தி, "அக்கா, அங்கால நடந்து போகாதீங்க" என்றார். ஏன், யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். "நாய்." உப்புவெளிக்கு 500 ரூபா வாங்கினார். நாய் உண்மைதான், கேற்றடியில் ஆறேழு நின்றன. நாலு பூட்டையும் திறப்பதற்குள் மச்சாளின் குதிக்கால்வரை வந்துவிட்டன.

ஜூலை 11, வெள்ளி

விடியக் கடலில் குளித்தோம். தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது. புறாத்தீவுக்குப் போகிற யோசனை இருந்தது, படகுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கைவிட்டோம். நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போர் கல்லறைத் தோட்டத்துக்குள் கொஞ்சம் நடந்தோம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. புல்லை அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இருபது வயது, இருபத்தொரு வயது என்று கல்லில் படித்துக்கொண்டு வந்து, போதும் என்று திரும்பிவிட்டோம்.

பிறகு, இந்தப் பயணத்தில் எங்களுக்கு நடந்த குற்றம். ஒரு கோயில் வாசலில் மச்சாளின் செருப்புக் களவு போனது. டொரன்டோவில் 110 டொலருக்கு வாங்கியது, முழங்கால் நோவுக்கென்று டாக்டர் சொன்ன செருப்பு. பக்கத்தில் நான் விட்ட 900 ரூபாச் செருப்பைத் தொடவே இல்லை. பூ விற்ற அம்மா, "ஐயோ, இங்க அப்பிடி நடக்கிறதே இல்ல" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "போன கிழமையும் ரெண்டு சோடி போச்சு" என்றார். மச்சாள் சுடுமணலில் துள்ளித் துள்ளி வந்து ஓட்டோவில் ஏறினார். பஜாரில் புதுச் செருப்பு 1,450 ரூபா.

பொலிசில் முறைப்பாடு செய்வோமா என்று நான் பகிடிக்குக் கேட்டேன். மச்சாள் முறைத்தார். ஆனால் நான் ஒவ்வொரு நாளும் வேலையில் பார்ப்பது இதைத்தான். மோட்டார் சைக்கிள் களவு போனால் நூற்றுக்கு நூறு முறைப்பாடு வரும், ஏனென்றால் பொலிஸ் அறிக்கை இல்லாமல் நாங்கள் காசு கொடுக்க மாட்டோம். சைக்கிள் களவு போனால் வராது. காகிதத்தில் பார்த்தால் அந்த ஊரில் கள்ளர் மோட்டார் சைக்கிளை மட்டும் எடுக்கிற மாதிரி இருக்கும். ஒரு ஊரின் களவுக் கணக்கில் பாதி, அங்குள்ளவர்களிடம் என்ன காப்புறுதி இருக்கிறது என்கிற கணக்கு.

இரவு அன்ரியிடம் செருப்புக் கதையைச் சொன்னோம். அதுவரை "ஒரு பயமும் இல்ல" என்றவர் மெல்ல மெல்ல வெளியே வந்தார். போன வருடம் அவருடைய தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு முன் மகனின் சைக்கிள். எல்லாம் ஐஸ் என்கிற போதைப்பொருள் அடிக்கிற பெடியள் செய்கிற வேலை என்கிறார். முறைப்பாடு? "அதுக்குப் போனா ஒரு நாள் வேல கெடும். பிறகு வழக்கெண்டு தவண தவணயா அலையோணும். மோட்டர் பதினெட்டாயிரம், அலைச்சல் அதவிடக் கூட." கணக்குச் சரிதான்.

புட்டும் கணவாய்ப் பிரட்டலும் சாப்பிட்டு வெளி விறாந்தையில் இருந்தோம். பத்து மணி இருக்கும். வெறுங்காலோடு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை தனியாகக் கடற்கரையில் இருந்து ஒழுங்கையால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனது. அன்ரியின் பெறாமகளுக்குப் பத்தொன்பது வயது, பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிற பிள்ளை. மாலை ஏழு மணிக்கு முனைக்கடையில் பால்மா வாங்க வேண்டி வந்தபோது அவளை விடவில்லை, பதினொரு வயதுத் தம்பியைத்தான் அனுப்பினார்கள். ஒரே ஒழுங்கை, ஒரே இரவு. நாளைக்கு இரண்டு பேருக்கும் ஒன்றும் நடக்காமல் விடிந்தால், பொலிஸ் கணக்கில் இரண்டும் ஒரே சுழியம்.

மச்சாளுக்குக் கோபம் வந்தது. "இதுக்குப் பேர் பாதுகாப்பா?" அன்ரிக்கும் ரோசம் வந்தது. "கனடாவில சுடுறாங்களாமே, அங்க எப்பிடி இருக்கிறீங்க?" என்றார்.

நல்ல கேள்வி. மச்சாளின் வீட்டுக்குச் சற்றுத் தள்ளித்தான் 2012இல் டான்சிக் தெருவில் ஒரு விருந்தில் சுட்டு இரண்டு பேர் செத்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். 2018இல் டொரன்டோவில் 96 கொலைகள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. லட்சம் பேருக்கு மூன்று சொச்சம். இலங்கை முழுவதற்கும் அண்மைய வருடங்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் வருகிறது. ஆக, அந்த மோசமான வருடத்து டொரன்டோவும் இலங்கையும் ஏறத்தாழப் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனாலும் மச்சாள் பனிக்காலத்தில் காலை ஐந்து மணிக்கு இருட்டில் தனியாக நின்று பஸ் எடுத்து வேலைக்குப் போகிறவர். "அது கோஷ்டிப் பெடியளுக்குள்ள நடக்கிறது, எங்களுக்கென்ன" என்றார். அன்ரி ஐஸ் பெடியளைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதே குரலில்தான்.

குற்றம் பற்றி ஆராய்கிறவர்கள் பல நாடுகளில் கண்ட ஒன்று உண்டு. தெருவில் அதிகம் அடிபடுகிறவர்கள் இளம் ஆண்கள். அதிகம் பயப்படுகிறவர்கள் பெண்களும் வயதானவர்களும். இதை வைத்துப் பெண்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏழு மணிக்குக் கடைக்கே போகாதவளுக்கு ஏழு மணிக்கு எப்படி ஒன்று நடக்கும்? வேறொரு பக்கமும் இருக்கிறது. ஐ.நா. கணக்கின்படி 2023இல் உலகில் கொல்லப்பட்ட பெண்களில் ஏறத்தாழ 60 வீதம் பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தவரோதான். ஆறு மணிக்குப் பிறகு உள்ளே வா என்று கூப்பிடும் இடம்தான் அது. இதை விறாந்தையில் சொல்லவில்லை. பெறாமகள் கேட்டுக்கொண்டிருந்தாள், அன்ரி அடுத்த வேளை சோறு போட வேண்டும்.

ஜூலை 12, சனி

கிண்ணியா. முன்பு படகுப் பாதையில் கடந்த இடத்தில் 2009 முதல் பாலம் இருக்கிறது. 396 மீற்றர், இலங்கையிலேயே நீளமான பாலம் என்று ஓட்டோக்காரர் தான் கட்டியதுபோலச் சொன்னார். நடுவில் நிறுத்தச் சொல்லி இறங்கினோம். காற்றில் மச்சாளின் தொப்பி ஆற்றுக்குப் போனது. செருப்புக்குப் பிறகு தொப்பி. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

தயிர்க்கடையில் நானா ஒருவர் முதலில் சின்னச் சிரட்டைக் கரண்டியால் ருசி பார்க்கத் தந்துவிட்டுத்தான் விலை சொன்னார். எருமைத் தயிர், சட்டி 550. கரண்டியைக் கவிழ்த்தாலும் விழவில்லை. கித்துள் பாணி ஊற்றி அங்கேயே பாதிச் சட்டியை முடித்தோம். காசு கொடுக்கும்போது 1,000 ரூபாத் தாளுக்கு அவரிடம் மிச்சம் இல்லை. "பரவால்ல, பின்னேரம் திரும்பிப் போகக்குள்ள தாங்க" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். நாங்கள் யார், எங்கே தங்கியிருக்கிறோம் என்று ஒன்றும் கேட்கவில்லை. மச்சாள் பக்கத்துக் கடையில் மாற்றிக்கொண்டு வந்து கொடுக்கும்வரை தவித்தார். மதியம் ஒரு சாப்பாட்டுக்கடையில் இறால் குழம்போடு சோறு, 700. நன்றாகவே இருந்தது, காரம்தான் காதுவரை ஏறியது.

திரும்பும்போது பஸ். விடுமுறைக் கூட்டம், கால் வைக்க இடமில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை, ரியூசன் முடிந்து வருகிற வயது, புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். பஸ் ஆடாதபோதும் அவன் ஆடினான். பிள்ளை ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக முன்னே போனது, அவனும் போனான். நான் "அண்ணே, தள்ளி நில்லுங்க, இடம் இருக்குதுதானே" என்று உரக்கவே சொன்னேன். நாலைந்து தலைகள் திரும்பின, பிறகு யன்னலைப் பார்த்தன. கண்டக்டர் மிச்சக் காசை எண்ணத் தொடங்கினார். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அரை அடி நகர்ந்தான்.

அப்போது இருக்கையில் இருந்த ஒரு உம்மா எழுந்து, "மகள், இங்கால வா, இரு" என்று பிள்ளையை இழுத்துத் தன் இடத்தில் இருத்திவிட்டு, அந்த இடைவெளியில் தான் போய் நின்றுகொண்டார். நல்ல அகலமான மனிசி. கையில் மீன் பை வேறு. அவனுடைய காற்சட்டைப் பக்கமாகவே அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு வந்தார், மீன் தண்ணி சொட்டச் சொட்ட. ஒரு சொல் பேசவில்லை. அடுத்த தரிப்பில் அவன் இறங்கிவிட்டான். அவன் போக வேண்டிய இடம் அதுவாக இருக்காது.

ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வொன்றில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிசுக்குப் போனவர்கள் 4 வீதம். இன்றைக்கு நடந்ததும் மற்ற 96இல் சேர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லப் போவதில்லை. சொன்னால் ரியூசன் நின்றுவிடும். இறங்கும்போது 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். பிள்ளை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்தது. உம்மா என்னைப் பார்த்து, "நம்பர விட ஒரு ஊசி நல்லம்" என்றார்.

இரவு எங்கும் போகவில்லை. அப்பமும் கட்டைச் சம்பலும் அறைக்கே வாங்கி வந்து சாப்பிட்டோம். மச்சாள் மகளோடு வீடியோவில் பேசினார். அங்கே பாதுகாப்பா அம்மா என்று மகள் கேட்க, "ஓம், ஓம், ஒரு பயமும் இல்ல" என்றார். நான் சிரித்த சத்தம் ஸ்காபரோவுக்குக் கேட்டிருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் மச்சாள் தனியாகப் பழைய வீட்டுத் தெருவுக்குப் போய் வந்தார். என்னை வர வேண்டாம் என்றார். வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், தேத்தண்ணி தந்தார்களாம், கிணறு அப்படியே இருக்கிறதாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

கணக்குத் தீர்க்கும்போது அன்ரி மச்சாளின் போனைக் காட்டி, இணையத்தில் நல்லதாக நாலு வரி போடச் சொன்னார். அவர்களுக்கு அதில்தான் ஆட்கள் வருகிறார்கள். மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுத்தம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து. பாதுகாப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது பகலுக்கோ, இரவுக்கோ? எனக்கோ, இந்தப் பிள்ளைக்கோ?"

"ஒரு கட்டம்தானே இருக்குது மச்சாள். ஒண்டைப் போடுங்கோ."

"நீர்தானே கணக்குப் பார்க்கிற ஆள். நீர் சொல்லும்."

நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எட்டு என்று போட்டார். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அன்ரிக்கு முகம் வாடிவிட்டது.

"மற்ற ரெண்டும் எங்க பிள்ள?"

"ஒண்டு செருப்புக்கு" என்றார் மச்சாள். "மற்றது, இந்தப் பிள்ளைய ஏழு மணிக்குக் கடைக்கு விட்டுட்டு எனக்குச் சொல்லுங்கோ, வந்து மாத்திவிடுறன்."

பெறாமகள் உள்ளே இருந்து சிரித்தாள். அன்ரி ஒன்றும் சொல்லாமல் வாழையிலையில் கட்டிய இடியப்பப் பார்சலை மச்சாளின் பையில் திணித்தார். பதினொரு மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. ஓட்டோ 500 கேட்டது, 400க்கு வந்தது.